வாசற்படியில் ஒரு சோடிச் சப்பாத்து

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சப்பாத்தோடு வீட்டுக்குள் நுழைகிறவனைவிட, சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு நுழைகிறவன்தான் கூடுதல் ஆபத்தானவன் என்று நான் முழு மனதோடு நம்பினேன். சின்ன வயதில் அல்ல. ஐம்பத்திரண்டு வயதில், அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டு, மூக்கில் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் என் சொந்த வீட்டுக்குள் போகாமல் வெளியே நின்றேன். நின்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மூச்சு வேண்டும். அதுவரை சப்பாத்தைப் பற்றிக் கதைப்போம்.

எனக்குச் சப்பாத்தின்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவனை உச்சத்துக்கு ஏச வேண்டுமென்றால் செருப்பைத்தான் இழுப்போம். 'செருப்பால அடிப்பன்' என்பது ஒழுங்கையில் நாளுக்கு நாலு தரம் கேட்கும். 'சப்பாத்தால அடிப்பன்' என்று சண்டையில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் லேசானது. செருப்பு கோபம் ஆறுவதற்குள் கைக்கு வந்துவிடும். சப்பாத்துக்குக் குனிய வேண்டும், கயிறு அவிழ்க்க வேண்டும், குதியைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குள் எதிராளி நிலாவெளி பஸ் ஏறிப் போய்விடுவான். ஆகவே செருப்படி கையால் விழும்; சப்பாத்தடி கால் உள்ளே இருக்கும்போதே விழும். முதலாவதில் மானம் போகும். இரண்டாவதில் விலா எலும்பு.

சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் சப்பாத்து என்பது ஒரு பொருளின் பெயரே அல்ல, ஆட்களின் பெயர். 'சந்தியில ரெண்டு சப்பாத்து நிக்குது' என்பார் அப்பா. முகம் இல்லை, தலை இல்லை, இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. நாங்களும் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்த்ததால் எங்களுக்கும் அதற்கு மேலே ஒன்றும் தெரிந்ததில்லை. அந்தச் சப்பாத்துகள் விறாந்தையைத் தாண்டி, குசினியைத் தாண்டி, சாமிப் படங்களுக்குக் கீழேவரை வரும். போன பிறகு அம்மா வாளியில் தண்ணீர் எடுத்து அச்சு அச்சாகக் கழுவுவார். ஏச்சும் கழுவலோடு சேர்ந்தே ஓடும்.

இதில் விளங்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீடுகளுக்கு யார் வந்தாலும் காலில் போட்டிருப்பது படியோடு நிற்கும். டொக்டர் வந்தாலும் சரி, பாதிரியார் வந்தாலும் சரி. படியில் இருக்கும் வரிசையைப் பார்த்தே உள்ளே யார், என்ன மனநிலையில் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். ஒன்று கிழக்கே, ஒன்று குப்புற என்று கிடந்தால் கோபத்தோடு வந்த சொந்தம். சுவரோடு ஒட்டி நேராக நின்றால் ஏதோ கேட்க வந்த ஆள். வெள்ளிப் பூப் போட்ட செருப்பென்றால் கலியாணம் பேச வந்தவர்கள். இந்த வாசிப்பில் நான் கெட்டிக்காரன். ஆனால் அந்த வரிசையில் கறுப்புப் பூட்ஸ் ஒரு சோடி இருந்தால் எப்படி வாசிப்பதென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஏனென்றால் அது அங்கே இருந்ததேயில்லை. அதைப் போட்டவர்கள் எங்கள் படியில் கழற்றியதேயில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. சப்பாத்து என்றால் அலுவலகத்தில் வேறு அர்த்தம். மேலதிகாரிக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு ஓடுகிறவனைச் 'சப்பாத்துத் துடைக்கிறவன்' என்போம். இன்னும் கொஞ்சம் முன்னேறியவனைச் 'சப்பாத்து நக்கி' என்போம். எங்கள் மேலதிகாரி கோடை மாரி இரண்டிலும் றப்பர் செருப்புத்தான் போடுகிறார். அப்படியிருந்தும் அவருடைய சப்பாத்தைத் துடைக்க நாலு பேர் இருக்கிறோம்.

என் வினை இந்த உத்தியோகத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. ஊரில் விழா என்றால் மைக்கைப் பிடிக்கிறவன் நான். பொன்னாடை போர்த்த ஆள் வரும்வரை சனத்தைச் சிரிக்க வைத்து இருத்தி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு எனக்கு ஒரு பொதி மதியச் சாப்பாடும் நிறையக் கைதட்டலும் கிடைக்கும். கைதட்டலுக்காகவே போவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பத்து நாள் முதல் ஒரு வாசிகசாலையின் புதுக் கட்டடத் திறப்பு விழா. விருந்தினர்களில் ஒருவர் சீருடையில் வந்திருந்தார். உயரம் குறைந்த மனிதர்; முழங்காலுக்குப் பாதிவரை ஏறிய கறுப்புப் பூட்ஸ், முகம் பார்க்கலாம் போல மினுக்கம். மேடையில் குத்துவிளக்கு. விளக்கேற்ற வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அவருடைய முறை வந்தது. அவர் பூட்ஸோடு முதல் படியில் கால் வைத்தார். மண்டபம் மூச்சடங்கிப் போனது. என் வாய்க்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"அவசரமில்லை, ஆறுதலாக் கழட்டுங்கோ" என்றேன் மைக்கில். "அந்தக் கயித்தை அவிழ்த்து முடிக்கிறதுக்குள்ள விளக்கில எண்ணெய் வத்தினாலும் பரவாயில்லை, நாங்கள் திரும்ப விடுவம்."

மண்டபம் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூட அதிபர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். விருந்தினர் பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ கேட்டார். அவர் காதுக்குள் சொன்னார். விருந்தினர் சிரித்தார். கதிரையில் அமர்ந்து, குனிந்து, ஒவ்வொரு துளையாகக் கயிற்றை உருவி, இரண்டையும் கழற்றிச் சோடியாக நேரே வைத்து, வெள்ளைச் சொக்ஸோடு போய் விளக்கேற்றினார். இறங்கி வரும்போது என் பக்கத்தில் நின்று நல்ல தமிழில் கேட்டார்: "உங்கட பேர் என்ன? வீடு எங்க?"

சொன்னேன். பெயரையும் சொன்னேன், ஓர்ஸ் ஹில்லில் எந்த ஒழுங்கை என்பதையும் சொன்னேன். கேற்றின் நிறத்தைக்கூடச் சொன்னதாக ஞாபகம்.

இதில் இன்னொரு உண்மை இருக்கிறது. அந்தப் பகிடி என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. விழாவுக்கு முதல் வாரம் சாப்பிட்டுக்கொண்டு செய்தி பார்க்கும்போது, ரீவியில் யாரோ பூட்ஸோடு விளக்கேற்றப் போனதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது. நான் அதைக் களவெடுத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, கைதட்டல் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"என்ர கதையை என்னைக் கேளாமல் எடுத்தனீங்களோ?"

"உம்மட கதை எண்டு எழுதியோ இருந்தது?"

"இல்லை. ஆனா அந்த ஆள் வந்தால் உங்கட கதையெண்டு சொல்லுங்கோ, என்ன?"

"ஓம், ஓம். என்ர வாய், என்ர தலை" என்று நெஞ்சில் தட்டினேன். அந்தத் தட்டலை ஞாபகம் வைத்திருங்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு அளந்து அளந்துதான் கதைத்தாள். காலையில் நான் வேலைக்குப் போகும்வரை குசினியை விட்டு வரமாட்டாள். பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வந்தால் நொண்டி நொண்டி நடப்பாள். என்னவென்று கேட்டால், "கால்" என்பாள். நான் மேலே கேட்கவில்லை. எனக்கு அடுத்த விழாவுக்குப் பகிடி தேட வேண்டியிருந்தது.

சரி, செவ்வாய்க்கிழமை. மேலதிகாரி கொழும்புக்குப் போயிருந்தார். துடைக்கச் சப்பாத்து இல்லாததால் மூன்றரைக்கே வீட்டுக்கு வந்தேன். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கேற்றைத் திறந்தேன். படியைப் பார்த்தேன்.

என் மனைவியின் மண்ணிறச் செருப்பு. அதன் பக்கத்தில் கறுப்புப் பூட்ஸ் ஒரு சோடி.

புதுசு. மினுக்கம். சோடியாக, நேராக, சுவரைப் பார்த்தபடி. கயிறுகள் ஒவ்வொரு துளையாக அவிழ்க்கப்பட்டு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அதே வைப்பு. மேடைக்குக் கீழே பார்த்த அதே வைப்பு.

என் மூளை உடனே வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வந்திருக்கிறான். கழற்றச் சொன்னது நான். 'இந்தா, கழற்றிவிட்டேன், பார்' என்று கழற்றிவிட்டு வந்திருக்கிறான். சப்பாத்தோடு வருகிறவன் அவசரத்தில் வருகிறான். உடைப்பதை உடைத்துவிட்டுப் போய்விடுவான். கயிற்றைத் துளை துளையாக அவிழ்த்துவிட்டு உள்ளே போனவன் ஆறுதலாக இருக்க வந்திருக்கிறான். தேத்தண்ணி குடிப்பான். கலியாண அல்பத்தைப் பார்ப்பான். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பான். பூட்ஸ் சின்னதாகத்தான் இருந்தது. அதையும் கவனித்தேன். ஆள் கட்டை, கால் சின்னதாகத்தானே இருக்கும் என்று கணக்குச் சரிபார்த்துக்கொண்டேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை. உள்ளே என் மனைவி தனியாக இருக்கிறாள்.

ஒரு ஆம்பிளை என்ன செய்ய வேண்டும்? கதவைத் தட்ட வேண்டும். நான் கேற்றைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பின்னோக்கியே நடந்து, ஒழுங்கையைக் கடந்து எதிரில் இருந்த கடைக்குள் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றேன்.

கடைக்காரர் கிண்ணியா ஆள். தினமும் காலையில் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து கடை திறக்கிறவர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவேன், கடைச் சாமானில் ஏமாற்றாமல் இருப்பதற்காக.

"என்ன மச்சான், வீட்டை விட்டுட்டு மூட்டைக்குப் பின்னால நிக்கிறாய்? எலி புடிக்கிறியா?"

"நானா, சத்தம் போடாதேங்கோ. என்ர வீட்டுக்கு ஆரும் வந்ததைக் கண்டனீங்களோ?"

"நான் பள்ளியில லுகர் தொழுது, சாப்புட்டுட்டு இப்பதான் வந்து நிக்கிறன். ஏன்?"

"படியைப் பாருங்கோ."

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அட அல்லாஹ்! பூட்ஸ்."

"ஓம்."

"அண்டைக்கி மைக்கில கதச்சதுக்கா?"

"உங்களுக்கும் தெரியுமோ?"

"கிண்ணியா முழுக்கத் தெரியும். போன்ல வீடியோ வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பினன்." அவர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. "நல்லாத்தான் சிரிச்சோம்."

மனைவிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. ஆறாவது தரம் எனக்கு அவள் கதிரையில் இருப்பதும், மேசையில் போன் அடிப்பதும், அவன் 'எடுக்க வேண்டாம்' என்று விரலை ஆட்டுவதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"உள்ளுக்குப் போ மச்சான்" என்றார் கடைக்காரர். "பொஞ்சாதி தனிய இருக்கா."

"நானா, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். பிஸ்கட் பக்கற் ஒண்டைக் கொண்டு போய், ஓடர் குடுத்தவை எண்டு சொல்லி..."

"நல்ல கத! பொஞ்சாதி ஒண்ட, வாய் ஒண்ட, பூட்ஸ் அவண்ட. போறது மட்டும் நானா? எனக்கு நாலு பிள்ளையள் இருக்கி."

"உங்களை ஒண்டும் செய்யமாட்டினம்."

"இத எங்கட ஆக்களுக்கும் சொல்லித்தான் முந்திக் கூட்டிட்டுப் போனவனுகள்" என்று அவர் வெங்காயத்தைத் திரும்ப எடுத்தார். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. "பயந்தவனா இரு. பரவாயில்ல. என்னயும் சேத்துப் பயப்பட வெக்காத."

நான் கூட்டமாக இருக்கும்போது மட்டும்தான் வீரன் என்பது அந்த மனிதருக்கு அன்று தெரிந்தது. எனக்கு முதலே தெரியும்.

நாலரை ஆனது. எங்கள் ஊரில் மான்களும் நாய்களைப் போலத் தெருவில் திரியும்; ஒழுங்கைக் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த புள்ளிமான் ஒன்று நான் சரியாகச் சாத்தாத கேற்றால் உள்ளே போனது. படிக்கு வந்து பூட்ஸை மோந்து பார்த்தது. பிறகு, நான் கண்ணால் கண்டேன், நாக்கை நீட்டி அதை நக்கியது. ஆற அமர, ருசித்து, இரண்டையும். அலுவலகத்தில் நாங்கள் பேச்சுக்குச் சொல்வதை அது பட்டப்பகலில் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பயமில்லை, அது எந்த மைக்கிலும் பேசியதில்லை. புதுப் பொலிஷில் மான் நக்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைப் பயம் தள்ளி விழுத்திவிட்டது.

ஐந்தரைக்குக் கடைக்காரர் சொன்னார்: "இன்னும் நிண்டா நானே பொலிசுக்கு அடிப்பன், கடைக்குள்ள சந்தேகமான ஆள் ஒருத்தன் நிக்கிறான் எண்டு. போ."

போனேன். வீரத்தால் அல்ல, துரத்தப்பட்டுப் போனேன். படியடியில் நின்று என் சொந்தச் சப்பாத்தைக் கழற்றினேன். அவசரத்தில் கயிறு முடிச்சு விழுந்தது. கதவைத் தட்டத் துணிவில்லை. அங்கேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். இல்லை, உண்மையைச் சொன்னால் கதவைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்துத்தான் பேசினேன்.

"சேர்... மாத்தயா... ஐயா" என்று மூன்று மொழியிலும் கூப்பிட்டேன். "என்னை மன்னிக்க வேணும். அண்டைக்கு நான் உங்களைக் குறிச்சுச் சொல்லேல்லை. பொதுவாச் சொன்னது. உங்கட சப்பாத்து நல்ல சப்பாத்து. நான் சீருடையை மதிக்கிற ஆள். கேட்டுப் பாருங்கோ, எங்கட ஒஃபிசில கேட்டுப் பாருங்கோ."

உள்ளே கதிரை ஒன்று அசைந்த சத்தம் கேட்டது. அவன் எழும்புகிறான். அந்தச் சத்தத்தில் எனக்குள் இருந்த கடைசி ஆணியும் கழன்றது.

"ஐயா, அந்தப் பகிடி என்ர இல்லை! சத்தியமா என்ர இல்லை. என்ர மனிசிதான் சொன்னவ. அவவின்ர வாய் அப்பிடித்தான். நான் சும்மா எடுத்துச் சொன்னதுதான். அவவைத்தான் கேக்க வேணும். உள்ளுக்குத்தான் இருக்கிறா, கேளுங்கோ!"

எதிர்க் கடையில் தராசு ஒன்று டங் என்று விழுந்தது. கடைக்காரருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

கதவு திறந்தது. என் மனைவி நின்றாள். வெறும் கால். இரண்டு பாதமும் நனைந்து சிவந்து, குதியில் கொப்புளம் ஒன்று உடைந்து தோல் உரிந்திருந்தது. கன்னத்தில் கதிரைப் பின்னலின் அச்சு. அவளுக்குப் பின்னால் ஒரு பேசினில் சுடுதண்ணீர் ஆறிப்போய் இருந்தது. வேறு யாரும் இல்லை.

"முடிஞ்சுதோ," என்றாள், "இன்னும் இருக்கோ?"

"ஆர்... ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை. நீங்கள்தான் வந்திருக்கிறியள்."

"இந்தச் சப்பாத்து?"

அவள் படியில் குந்தி, சாறியின் ஓரத்தால் மானின் எச்சிலைத் துடைத்தாள். "தேங்காயெண்ணெய் பூசி வெய்யிலில வைச்சனான், தோல் இளகட்டும் எண்டு" என்று சப்பாத்திடம் சொன்னாள், என்னிடம் அல்ல.

துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் அவளுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. வாசலுக்குள் கால் வைக்கிற எல்லோரும் விரல் பக்கத்தில் இரும்பு வைத்த பூட்ஸ் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு கிழமையாகப் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு மணிக்கு வந்து, நான் வரும் ஐந்து மணிக்கு முதல் பூட்ஸை அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். அன்று கால் வலியில் சுடுதண்ணீருக்குள் காலை வைத்தபடி கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்பதற்கு எனக்கு வாய் இருந்தது.

"சொன்னா அடுத்த விழாவில மைக்கில வரும். 'என்ர மனிசி பூட்ஸ் போடுறா' எண்டு. ஊர் சிரிக்கும். நீங்கள் கை தட்டு வாங்குவியள்." அவள் ஒரு சப்பாத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ஒளிச்சு வைச்சதே பிழை எண்டு ஒரு கிழமையா யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

"நான் பயந்து போனன்..."

"பயந்தது எனக்குக் காரியமில்லை. நானும் பயந்துதான் வளந்தனான். உள்ளுக்கு ஆள் இருக்கெண்டு நினைச்சுத்தானே நீங்கள் அதைச் சொன்னனீங்கள்?"

நான் எதிர்க் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ளுக்கு நான் தனிய இருக்கிறன் எண்டும் நினைச்சுத்தானே?"

ஒரு பகிடி தேடினேன். ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை. அவள் இரண்டு சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரிக்குள் வைக்கவில்லை, சாமிப் படங்களுக்குக் கீழே, நடுவீட்டில், எனக்குத் தெரியும்படி வைத்தாள். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக் கழுவவில்லை. கழுவப்பட வேண்டிய ஆள் வெளியேதான் நின்றான்.

அந்த விருந்தினர் எங்கள் வீட்டுக்கு அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அந்தப் பூட்ஸ் என் மனைவியுடையது. அளவு ஐந்து. மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும்வரை காத்திருக்காமல் ஆறரைக்கே இரண்டு குதியிலும் பிளாஸ்டர் ஒட்டி, படியில் குந்தி ஒவ்வொரு துளையாகக் கயிற்றைக் கோர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் கேற்றைத் திறந்துவிட்டேன்.